ஓய்வும் தொழிலும்: சுருங்க மறுக்கும் நீராவி

பொம்மை வேறு, சிற்றுரு வேறு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை உணராதார் பலர். கடையில் வாங்கும் பொம்மைப் புகையிரதம் தண்டவாளத்தில் ஒரு முறை சுற்றி வந்தாற் போதும். குழந்தை கைகொட்டி மகிழும். அதனுள் இருப்பது சுருள்வில்லா மின்கலமா என்று எவரும் ஆராய்வதில்லை. ஆனால், ஒரு காலத்தில் உலகில் உண்மையாகவே உழைத்த யந்திரம் ஒன்றை எடுத்து, அதன் உறுப்புகள் யாவற்றையும் ஒரே விகிதத்திற் குறைத்து, அதே வண்ணம் நெருப்பு மூட்டி, அதே வண்ணம் நீரைக் கொதிக்கவைத்து, அதே வண்ணம் தொழில் செய்யவைப்பது எளிதன்று. அதற்கு உயிருள்ள நீராவிச் சிற்றுரு என்று நாம் பெயரிடலாம்.

இவ்வித்தையில் நாட்டமுடையோருக்கென இலண்டன் மாநகரிற் பெர்சிவல் மார்ஷல் என்பார் 1898ஆம் ஆண்டில் 'மொடல் எஞ்சினியர்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். எழுதுவினைஞரும் ஆசிரியரும் வைத்தியரும் பகலிலே தத்தம் உத்தியோகத்தைப் பார்த்துவிட்டு, மாலையில் வீட்டின் பின்புறத்துக் கொட்டிலிலே கடைசல் யந்திரத்தின் முன்னே நின்று செப்பையும் பித்தளையையும் உருவாக்கும் வழக்கம் மேனாடுகளில் இன்றும் உண்டு. அவர்களிற் பெரும்பாலோர் செய்ய விரும்புவது புகையிரத எஞ்சினையே. அழகும் வேகமும் அதற்கு உண்டல்லவா? மிகச் சிலரே, அழகும் வேகமும் இல்லாத, சேறு படிந்த உடம்புடைய ஒரு யந்திரத்தைத் தேர்ந்துகொள்கின்றனர். அதுதான் நீராவி மண்வாரி. அதனைச் சிற்றுருவாக்குவது எங்ஙனம், அம்முயற்சி ஒருவருக்குக் கற்பிப்பது யாது என்பவற்றை இவ்வாரம் நேயர்களோடு பேச எண்ணுகின்றோம்.

மனிதன் பெயரைத் தாங்கிய யந்திரம்

நீராவியால் மண்ணை வாரலாம் என்று முதலிற் செய்து காட்டியவர் வில்லியம் ஓட்டிஸ் என்னும் அமெரிக்க இளைஞர். புகையிரதப் பாதை அமைக்கும் வேலையில் ஈடுபட்டிருந்த அவர், 1839ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் தம் யந்திரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதே ஆண்டு நவம்பர் மாதத்திலே, தமது இருபத்தாறாம் வயதில், அவர் காலமானார். கூலியாட்கள் மலிவாகக் கிடைத்த அக்காலத்தில் அவருடைய யந்திரத்தை நாடுவாரும் அதிகம் இலர்.

இங்கிலாந்திலோ, கால்வாய் வெட்டிய தொழிலாளரை 'நவ்வி' என்று அழைத்தனர். கப்பற் போக்குவரத்துக்கு வழி செய்பவர் என்னும் பொருளுடைய நீண்ட சொல்லொன்று மக்கள் வாயிற் குறுகி வந்த பெயர் அது. நம் இலக்கியத்தில் நவ்வி என்பது மானைக் குறிக்கும். அங்கே அது மண்வெட்டியோடு மாரடித்த மனிதனைக் குறித்தது. 1870களில் லிங்கன் நகரத்து றஸ்டன் பிறொக்டர் கம்பனியார் மண் வாரும் யந்திரத்தைச் செய்து விற்கத் தொடங்கியபோது, அதற்கு 'நீராவி நவ்வி' என்றே பெயர் வழங்கிற்று. எவனுடைய வேலையை யந்திரம் எடுத்துக்கொண்டதோ அவனுடைய பெயரையும் அது எடுத்துக்கொண்டது. 1887 முதல் 1894 வரை வெட்டப்பட்ட 36 மைல் நீளமான மன்செஸ்டர் கப்பற் கால்வாயில் இத்தகைய யந்திரங்கள் பல உழைத்தன. ஆயினும், வேலை உச்சமடைந்த காலத்திலே பதினாறாயிரம் மனிதரும் அங்கே வேண்டியிருந்தனர்.

மண்வாரியின் புகழ் உச்சிக்கு ஏறிய இடம் பனாமா. 1904 முதல் 1914 வரை அமெரிக்கர் அங்கே கால்வாய் வெட்டியபோது 102 நீராவி மண்வாரிகளை வாங்கினர். அவற்றுள் 77 பியூசைரஸ் கம்பனியார் செய்தவை. 24 மரியன் கம்பனியார் செய்தவை. எஞ்சிய ஒன்று தியூ கம்பனியாருடையது. 1906ஆம் ஆண்டு நவம்பரில் அங்கு சென்ற ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட், 95 தொன் பியூசைரஸ் மண்வாரி ஒன்றின் ஆசனத்தில் ஏறி அமர்ந்தார். அப்புகைப்படம் உலகெங்கும் பரவிற்று. 1913 மே மாதம் 20ஆம் திகதி, மலையைப் பிளந்த குலெப்ரா வெட்டின் அடித்தளத்தில், இரு திசையிலிருந்தும் மண்ணை வாரிக்கொண்டு வந்த 222ஆம், 230ஆம் இலக்க மண்வாரிகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் சந்தித்தன. சிற்றுரு செய்வோருக்கு இந்தப் பியூசைரஸ் யந்திரம் நல்லதொரு மூலம். எனவே, மேலே கூறப்போவன யாவற்றுக்கும் அதனையே உதாரணமாகக் கொள்வோம்.

பெருங்கையும் சிறுகையும்

மண்வாரியின் உடலமைப்பை அறியாமல் அதனைச் சிறிதாக்க இயலாது. தண்டவாளத்தின் மீது நிற்கும் நீண்ட பெட்டி போன்ற வண்டியே அதன் உடல். பின்புறத்திற் கொதிகலன், நடுவிற் பிரதான எஞ்சின், முன்புறத்தில், சுழலும் வட்டத்தின் மீது சாய்வாக எழுந்து நிற்பது பெருங்கை. அப்பெருங்கையின் நடுவே ஊடுருவி முன்னும் பின்னும் நகர்வது சிறுகை. சிறுகையின் நுனியிற் பற்களோடு கூடிய இரும்பு அகப்பை.

இதன் அசைவுகள் மூன்று. அகப்பையை வடத்தினாலோ சங்கிலியினாலோ மேலே இழுப்பது முதலாவது. சிறுகையை மண்ணுக்குள் உந்துவது இரண்டாவது. பெருங்கையை இடமும் வலமும் திருப்புவது மூன்றாவது. ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு தனி எஞ்சின் உண்டு. அவற்றுள் உந்தும் எஞ்சின் பெருங்கையின் மேலேயே அமர்ந்திருக்கும். சாரதி முன்புறத்தில் நின்று தூக்குதலையும் திருப்புதலையும் கவனிப்பார். பெருங்கையின் பக்கத்திலுள்ள சிறிய மேடையில் நின்று உந்துதலைக் கவனிப்பவர் அவருடைய துணைவர். அகப்பை புகையிரதப் பெட்டிக்கு மேலே வந்ததும் கயிற்றை இழுத்து அதன் அடிக்கதவைத் திறந்துவிடுபவரும் அவரே. உள்ளே நெருப்பைப் பேணுபவர் ஒருவர். வெளியே, யந்திரம் முன்னேறுவதற்காகப் பின்னாலிருந்த துண்டுத் தண்டவாளங்களைப் பெயர்த்து முன்னால் இடும் குழித் தொழிலாளர் சிலர்.

சாரதியும் துணைவரும் ஒருவர் மனத்தை மற்றவர் அறிந்து வேலை செய்யவேண்டும். தூக்குபவர் விரைந்து, உந்துபவர் தாமதித்தால் அகப்பை வெறுமையாக மேலே வரும். உந்துபவர் விரைந்தால் பற்கள் மண்ணிற் சிக்கி யந்திரமே நிலைகுலையும். பனாமாவில் ஒவ்வொரு மண்வாரியும் வாரிய மண்ணின் அளவைக் கால்வாய்ப் பத்திரிகை வாரந்தோறும் வெளியிட்டது. அதன் பயனாகக் குழுக்களிடையே எழுந்த போட்டி பிரசித்தமானது. சிற்றுருவிலோ, இவ்விருவர் வேலையையும் ஒருவருடைய பத்து விரல்களே செய்யவேண்டும் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்வாராக.

ஓரடிக்கு ஓரங்குலம்

இனிச் சிற்றுருவுக்கு வருவோம். மூலத்தின் ஓரடியைச் சிற்றுருவில் ஓரங்குலமாகக் கொள்வது வசதியான விகிதம். நீளம் பன்னிரண்டில் ஒரு பங்காகும். பரப்பளவு 144இல் ஒரு பங்காகும். கனவளவும் நிறையும் 1,728இல் ஒரு பங்காகும். 95 தொன் மண்வாரி என்பது, அமெரிக்கத் தொன் கணக்கில், 190,000 இறாத்தல் நிறை. அதே உலோகங்களால் அணுவும் பிசகாது செய்தால், சிற்றுருவின் நிறை ஏறக்குறைய 110 இறாத்தலாகும். இருவர் சேர்ந்து தூக்கக்கூடிய பாரம். மூலத்தின் அகப்பை 5 கன யார், அதாவது 135 கன அடி, கொள்ளும். சிற்றுருவின் அகப்பை 135 கன அங்குலம் கொள்ளும். இரண்டு லீற்றரிற் சிறிது மிகை. அங்கே ஒரு வாரலில் எட்டுத் தொன் பாறை ஏறிற்று. இங்கே ஒன்பது இறாத்தல் ஏறும்.

அளவுகளை எங்கிருந்து பெறுவது? கம்பனிகளின் பழைய விலைப்பட்டியல்களும் பொறியியல் நூல்களும் சில அளவுகளைத் தருகின்றன. எஞ்சியவற்றைப் புகைப்படங்களிலிருந்தே கணித்தல் வேண்டும். பனாமாக் கால்வாயின் உத்தியோகபூர்வப் படப்பிடிப்பாளரான ஏர்ணஸ்ட் ஹலன் எடுத்துவைத்த படங்கள் இதற்குப் பேருதவி. பனாமாப் புகையிரதப் பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி அன்று 5 அடி. ஆகவே, படத்திலே தெரியும் தண்டவாளமே ஓர் அளவுகோலாகிவிடுகின்றது. இன்னொரு நற்பேறும் உண்டு. ஐந்தடி, நம் விகிதத்தில் ஐந்தங்குலமாகின்றது. சிற்றுருப் புகையிரதக் காரர் பல்லாண்டாகக் கையாளும் பாதைகளுள் ஐந்தங்குலப் பாதையும் ஒன்று. எனவே தண்டவாளத்துக்கென்று தனியே அலைய வேண்டுவதில்லை.

அனுபவசாலிகள் உலோகத்தைத் தொடுமுன் அட்டையினாலும் மரத்தினாலும் ஒரு மாதிரியைச் செய்துகொள்வர். பெருங்கை திரும்பும்போது எது எதில் இடிக்கும், சிறுகை பின்வாங்கும்போது எது தடுக்கும் என்பன காகிதப் படத்திற் புலப்படா. அட்டை மாதிரியில் உடனே புலப்படும். அதன் பின்னரே தகடு வெட்டல், துளையிடல், தறையாணி அடித்தல் ஆகியன. மூலத்தில் முக்காலங்குலத் தடிப்பான தறையாணி இங்கே ஓரங்குலத்தின் பதினாறில் ஒரு பங்காகும். அத்தகைய ஆணிகளை நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றாக, ஒரே வரிசையிற் பதிக்கும் வேலைக்கு மாதங்கள் செல்லும். பொறுமையற்றோர் இக்கட்டத்தில் விலகிப்போவதும் உண்டு.

இயற்கை இணங்குவதில்லை

இதுவரை கணக்கு நமக்குப் பணிந்து நடந்தது. நெருப்பு மூட்டியதும் அது மாறிவிடுகின்றது. இரும்பைச் சிறிதாக்கலாம், நீராவியைச் சிறிதாக்க முடியாது. சிற்றுருவுக்குள் கொதிக்கும் நீரும் மூலத்திற் கொதித்த அதே நீர்தான்.

இதை விளங்கிக்கொள்ளச் சமையலறைக்குச் சென்றாற் போதும். ஒரே கேத்தலிலிருந்து அண்டாவிலும் சிறு கிண்ணத்திலும் வெந்நீரை ஊற்றிவைத்தால் முதலில் ஆறுவது கிண்ணத்து நீரே. கொள்ளளவு குறைந்த அளவுக்கு வெளிப்பரப்புக் குறைவதில்லை என்பதே காரணம். பன்னிரண்டில் ஒரு பங்கான சிற்றுருவில், ஒவ்வொரு துளி நீராவிக்கும் வெப்பத்தை இழக்கும் பரப்பு, மூலத்தில் இருந்ததைப்போற் பன்னிரு மடங்கு. உருளைக்குள் நுழைந்த நீராவி தொழில் செய்யுமுன்னே குளிர்ந்து நீராகிவிடும். நீர் அமுக்கத்துக்கு அடங்காது. ஆடுதண்டு அதனை மோதினால் உருளையின் மூடியே பிளந்துவிடலாம். எனவே, தொடக்கத்தில் வடிகாற் குழாய்களைத் திறந்து, உருளைகள் சூடேறும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். குழாய்களுக்குப் போர்வையும் வேண்டும். முன்னையோர் இதற்குக் கல்நாரைச் சுற்றினர். அதன் தூசு சுவாசப்பைக்கு நஞ்சென்று அறிந்த பின்னர், கம்பளித் துணியும் தக்கையும் பீங்கான் நாரும் அவ்விடத்தைப் பெற்றன.

கொதிகலனுள்ளே நெருப்பின் புகை செல்லும் குழாய்களைப் பாருங்கள். மூலத்தில் இரண்டங்குல விட்டமுள்ள குழாய் இங்கே ஓரங்குலத்தின் ஆறில் ஒரு பங்காதல் வேண்டும். அவ்வளவு நுண்ணிய குழாயைப் புகைக்கரி விரைவில் அடைத்துவிடும். ஆகவே, குழாய்களின் தொகையைக் குறைத்து, விட்டத்தைக் கூட்டுகின்றனர்.

யாவற்றினும் சிந்திக்கத்தக்கது நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். கொதிகலனுள் நீர் எவ்வளவு உண்டு என்பதைச் சாரதிக்குச் சொல்வது அதுவே. நீர்மட்டம் நெருப்பறையின் கூரைக்குக் கீழே இறங்கினால் தகடு காய்ந்து வலுவிழக்கும். அதன் பின் என்ன நேரும் என்று சொல்ல வேண்டுவதில்லை. முக்காலங்குலக் கண்ணாடியை விகிதப்படி குறைத்தால் மயிர்த்துளைக் குழாய்தான் கிடைக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, அதிலே நீர் தானாக மேலேறி ஒட்டிக்கொண்டு நிற்கும். கொதிகலன் வறண்டுகொண்டிருக்க, கண்ணாடியோ 'நீர் நிறைய உண்டு' என்று காட்டும்! அளவிலே மூலத்துக்கு உண்மையாயிருக்கும் அக்கண்ணாடி, தொழிலிலே பொய்யாகிவிடுகின்றது. ஆதலின், அறிந்தவர் விகிதத்தைக் கைவிட்டு அகலமான கண்ணாடியையே பொருத்துவர். பார்ப்பவர் 'இது பெரிதாயிருக்கின்றதே' என்று குறை சொன்னாலும் அவர் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

இக்கலையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கின்றது என்பது எமது கருத்து. எவ்விடத்தில் மூலத்தை அப்படியே பின்பற்றுவது, எவ்விடத்தில் விட்டுக்கொடுப்பது என்று பகுத்தறியும் அறிவு கைத்திறனினும் மேலானது. கண்ணாடிப் பேழைக்குள் வைக்கும் உருவுக்கு இத்தொல்லை இல்லை. அதில் எல்லாம் சரியான அளவில் இருக்கலாம், எதுவும் இயங்கவேண்டியதில்லை. உழைக்கவேண்டிய உருவோ நம்மை ஏமாற்ற விடாது. கணக்கிற் பிழை இருந்தால், ஆவி கசிந்தோ அசையாது நின்றோ அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

விளையாட்டன்று

கொதிகலனைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். சிறியதுதானே என்று எவரும் அலட்சியம் செய்யலாகாது. ஐந்தங்குல விட்டமுள்ள ஒரு கொதிகலனில், சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அமுக்கம் இருப்பின், அதன் ஒரு முனைத்தகட்டை வெளியே தள்ளும் விசை 1,170 இறாத்தலுக்கு மேல். அரைத் தொன்னினும் அதிகம். மேலும், அமுக்கத்தில் அடைபட்டிருக்கும் நீர் நூறு பாகை செல்சியசுக்கு மேலே சூடேறியிருக்கும். கலன் பிளந்தால் அந்நீரில் ஒரு பகுதி கணத்தில் நீராவியாகிப் பல நூறு மடங்கு விரிந்து பாயும்.

இதனாலேயே சிற்றுருக் கொதிகலனைப் பெரும்பாலும் செப்பினாற் செய்கின்றனர். மூலம் உருக்கினால் ஆனது. ஆனால், மெல்லிய உருக்குத் தகட்டைத் துரு விரைவில் தின்றுவிடும். செப்பு துருப்பிடியாது, வெப்பத்தையும் நன்கு கடத்தும். மூட்டுகளைப் பற்றவைப்பதற்குச் சாதாரண ஈயப் பற்றாசு உதவாது. நெருப்பின் அருகில் அது உருகிவிடும். அறுநூறு பாகைக்கு மேலே உருகும் வெள்ளிப் பற்றாசே வேண்டும். கொதிகலன் முடிந்ததும் முதலில் நெருப்பு மூட்டுவதில்லை. அதனுள் குளிர்ந்த நீரை நிரப்பிக் கைப்பம்பியினால் அமுக்கி, வேலை அமுக்கத்தின் இரு மடங்கு வரை ஏற்றி, சிறிது நேரம் நிறுத்திச் சோதிப்பர். குளிர்ந்த நீர் விரியும் இயல்பற்றது. குறை இருந்தால் நீர் கசியுமேயன்றிக் கலன் வெடித்துச் சிதறாது. அதன் பின்னரும் பாதுகாப்பு வால்வு இன்றி எந்தக் கொதிகலனையும் சூடாக்கலாகாது. மேனாட்டுச் சங்கங்களில், பிறரைக் கொண்டு சோதித்துப் பெற்ற அத்தாட்சி இன்றி எவரும் தம் யந்திரத்தைப் பொதுவிடத்தில் இயக்க விடுவதில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. தகரப் பேணியில் நீரை அடைத்து மூடி அடுப்பில் வைத்துப் பார்க்கும் ஆசை சில சிறுவர்க்கு உண்டாவது இயல்பு. அவ்வாசையைக் கண்டால் வைதுவிட்டுப் போகாமல், அருகில் இருத்தி, மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். அரைத் தொன் என்ற சொல், அதட்டலினும் ஆழமாகப் பதியும்.

மண்ணும் மறுக்கின்றது

கொதிகலன் சரி, எஞ்சின்கள் மூன்றும் சரி என்று வைத்துக்கொள்வோம். திரும்பும் பெருங்கையின் மேலுள்ள எஞ்சினுக்கு நீராவியைக் கொண்டுசெல்லும் குழாயும், சுழலும் அச்சின் நடுவே மூட்டு வைத்து, கசிவின்றிப் பொருந்திவிட்டது. இனி அகப்பை மண்ணை வாரவேண்டியதுதானே?

அங்கும் ஒரு தடை உண்டு. மூலத்தின் அதே அமுக்கத்தைக் கொடுத்தால், ஆடுதண்டின் விசை 144இல் ஒரு பங்காகவே குறைகின்றது. யந்திரத்தின் நிறையோ 1,728இல் ஒரு பங்காகிவிட்டது. தன் நிறையோடு ஒப்பிட, சிற்றுரு மூலத்தைப்போற் பன்னிரு மடங்கு பலசாலி. பலம் மிகுந்தால் நன்மைதானே என்று எண்ண வேண்டாம். ஈரக் களிமண்ணில் அகப்பையைக் குத்தி இழுத்தால், மண் பெயராது. யந்திரம்தான் பின்புறம் கிளம்பி முன்னே கவிழும். களிமண்ணின் ஒட்டும் பலம் அதன் பரப்பைப் பொறுத்தது. அதுவும் 144இல் ஒரு பங்காகவே குறைந்திருக்கின்றது. அதாவது, நூறு இறாத்தல் சிற்றுருவுக்குச் சாதாரணக் களிமண், தொண்ணூறு தொன் யந்திரத்துக்குப் பன்னிரு மடங்கு கடினமான நிலம் எப்படியோ அப்படி!

உலர்ந்த மணல் இவ்வாறு செய்வதில்லை. ஒட்டும் பலம் அதற்கு இல்லை. அதன் எதிர்ப்பு நிறையைப் பொறுத்தது. நிறை சுருங்கும்போது எதிர்ப்பும் உடன் சுருங்குகின்றது. ஆதலால், சிற்றுரு மண்வாரிக்கு ஏற்ற நிலம் உலர்ந்த மணலும் நொறுங்கிய சிறு கற்களுமே.

சிறு சிறு தொல்லைகள் இன்னும் உண்டு. மூலத்தில் அகப்பை தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். அடிக்கதவும் தானே அடித்துச் சாத்திக்கொள்ளும். சிற்றுருவில் எண்ணெயின் பிசுபிசுப்பு குறையாது, பாரமோ குறைந்துவிட்டது. அகப்பை அந்தரத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். பார்வைக்குத் தெரியாத இடத்தில் ஈயத் துண்டு ஒன்றைச் செருகி, கதவுக்கு மெல்லிய வில் ஒன்றை வைத்தே அதனை வழிக்குக் கொண்டுவருவர். நகைக்கடைச் சங்கிலி பார்வைக்குப் பொருந்தும். ஆனால், பற்றவைக்காத அதன் கண்ணிகள் பாரம் ஏறியதும் வாய் திறந்துவிடும். தொங்கும் அகப்பையின் ஊசலாட்டமும் மூலத்தினும் ஏறக்குறைய மூன்றரை மடங்கு விரைவாயிருக்கும். அதனாலேதான், எவ்வளவு திறமையாகச் செய்த சிற்றுருவும் சற்று அவசரக்காரனைப் போலத் தோன்றுகின்றது. நிதானம் விரல்களில் இருக்கவேண்டும்.

எஞ்சியிருப்பவை

இத்தனை ஆண்டு உழைப்பும் எதற்காக என்று சிலர் வினவலாம். 1930களிலிருந்து டீசல் எஞ்சின் நீராவி மண்வாரியின் இடத்தைக் கவர்ந்துகொண்டது. பழைய யந்திரங்களுட் பெரும்பாலானவை இரும்பு விலைக்குப் போயின. அமெரிக்க எழுத்தாளர் வெர்ஜீனியா லீ பேட்டன் 1939ஆம் ஆண்டில் எழுதிய சிறுவர் கதையொன்றில், மேரி ஆன் என்னும் நீராவி மண்வாரி வேலை இழந்து, இறுதியில் ஒரு நகர மண்டபத்தின் நிலவறையிலே கட்டடத்தைச் சூடாக்கும் அடுப்பாகின்றது. உண்மையில் அவ்வளவு நல்வாழ்வு பெற்ற மண்வாரிகள் அதிகம் இல்லை. 1909ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட 306ஆம் இலக்க றஸ்டன் பிறொக்டர் நவ்வி, பெட்போட்ஷயரில் ஆள்சி என்னும் ஊரிலுள்ள சுண்ணக்கற் குழியொன்றிலே கைவிடப்பட்டு, குழியில் நீர் நிரம்பப் பல்லாண்டு நீருள் மறைந்து கிடந்தது. 1977ஆம் ஆண்டில் ஆர்வலர்கள் அதனை வெளியே எடுத்தனர்.

எல்லா யந்திரங்களுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டுவதில்லை. யந்திரம் அழிந்தாலும் வரைபடம் நூலகத்திற் கிடக்கலாம். ஆயினும், தூக்குதலையும் உந்துதலையும் எந்தக் கணத்தில் இணைப்பது, நெருப்பை எப்போது கிளறுவது, அகப்பை மண்ணைக் கௌவும்போது எஞ்சினின் ஓசை எவ்வாறு மாறும் என்பன வரைபடத்தில் இல்லை. அவை கைகளில் இருந்தவை. அக்கைகள் ஓய்ந்துவிட்டன. நெருப்பு மூட்டி இயக்கும் சிற்றுரு ஒன்றே அந்த அறிவில் ஒரு பகுதியையேனும் மற்றொரு தலைமுறையின் கைகளுக்கு மாற்றிக் கொடுக்கின்றது.

அதே வேளையில் மறக்கலாகாத ஒன்றும் உண்டு. பனாமாவில் அமெரிக்கர் வேலை செய்த காலத்தில் நோயினாலும் விபத்தினாலும் 5,609 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் பாபடோஸ் முதலிய மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கூலி தேடி வந்த ஏழைத் தொழிலாளர். ரூஸ்வெல்ட் அமர்ந்த ஆசனம் படத்தில் இருக்கின்றது. சேற்றில் நின்று தண்டவாளம் பெயர்த்தவரின் பெயர் எங்கும் இல்லை. ஆதலால், சிற்றுரு மண்வாரி செய்வோர் சாரதியின் உருவை மட்டும் வைத்து நிறுத்திவிடாமல், குழித் தொழிலாளரின் உருவங்களையும் அதன் முன்னே வைக்கவேண்டும் என்பது எமது விருப்பம். அவர்கள் இன்றி அந்த யந்திரம் ஓரடியும் முன்னே சென்றதில்லை. விகிதத்துக்கு உண்மையாயிருப்பதற்கு ஆணிகளை எண்ணுபவர், ஆட்களையும் எண்ணுதல் முறையல்லவா?

நம் வீடுகளிற் கடைசல் யந்திரமும் வெள்ளிப் பற்றாசும் இருக்கப்போவதில்லை. எனினும், தடித்த அட்டையும் சில ஊசிகளும் நூற்பந்தும் எல்லோருக்கும் கிடைக்கும். பெருங்கை, சிறுகை, அகப்பை மூன்றையும் வெட்டி, அச்சுக்கு ஊசியைக் குத்தி, வடத்துக்கு நூலைக் கட்டி, பிள்ளைகளை இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் நூலைத் தூக்கட்டும். மற்றவர் சிறுகையை உந்தட்டும். மேசை மேற் கொட்டிய அரிசியை வாரி எடுப்பதற்கு இருவர் மனமும் எவ்வளவு ஒத்திருக்கவேண்டும் என்பதைச் சிறிது நேரத்திற் கண்டுகொள்வார்கள்.